ராக்கெட் உந்துவிசை: எஞ்சினைக் கடைசியில் படியுங்கள்

பெங்களூரில் ராக்கெட், செயற்கைக்கோள் கம்பெனிகளில் வேலைக்குச் சேரும் தமிழ்ப் பிள்ளைகளில் நிறையப் பேர் ஏரோஸ்பேஸ் படித்தவர்கள் இல்லை. சாஃப்ட்வேர், எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல் என்று எங்கிருந்தோ வந்து சேர்கிறார்கள். முதல் வாரக் கூட்டத்திலேயே ‘டெல்டா-வி எவ்வளவு மிச்சம்’, ‘ஐஎஸ்பி எவ்வளவு’ என்று பேச்சு ஓடும். தலையை ஆட்டிவிட்டு அறைக்கு வந்து வீடியோ பார்ப்பார்கள். வீடியோவோ நேரே எஞ்சினுக்குள் எரிபொருளைத் தள்ளும் டர்போபம்ப்பில் தொடங்கும். மூன்று நாளில் ஆர்வம் வடிந்துவிடும்.

என் கட்சி வேறு. எஞ்சினைக் கடைசியில் படியுங்கள். ராக்கெட் என்பது முதலில் ஓர் எடைக் கணக்கு. அந்தக் கணக்கு கையில் வந்துவிட்டால், எஞ்சின் ஏன் அப்படி இருக்கிறது என்பது பாதி தானாகவே விளங்கும். ஒரு நோட்டும் போனில் உள்ள கால்குலேட்டரும் போதும்.

முதலில் காற்றை மறந்துவிடுங்கள்

ராக்கெட் தரையையோ காற்றையோ தள்ளிக்கொண்டு மேலே போவதில்லை. தன்னிடம் இருக்கும் பொருளைப் பின்னால் வீசுகிறது. வீசிய அளவுக்கு முன்னால் போகிறது. விண்வெளியில் தள்ள எதுவும் இல்லையே என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

உந்துவிசையின் கணக்கும் எளிது. விநாடிக்கு எத்தனை கிலோ வீசுகிறோம், அது என்ன வேகத்தில் வெளியேறுகிறது, இரண்டையும் பெருக்கினால் போதும். வாயு வெளியேறும் குழலான நாசிலின் வாயில் உள்ள அழுத்தத்தால் ஒரு சின்னத் திருத்தம் வரும், அதை இப்போதைக்கு விட்டுவிடலாம். இஸ்ரோவின் விகாஸ் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். உந்துவிசை சுமார் 8 லட்சம் நியூட்டன், அதாவது 80 டன்னைத் தாங்கிப் பிடிக்கும் விசை. வெளியேறும் வேகம் விநாடிக்குச் சுமார் 2,870 மீட்டர். வகுத்துப் பாருங்கள்: விநாடிக்கு ஏறக்குறைய 280 கிலோ திரவத்தை அது குடிக்கிறது. பம்ப் எதற்கு என்று இனி யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

உயரம் சுலபம், வேகம்தான் கஷ்டம்

விண்வெளி உயரத்தில் இருக்கிறது, அதனால் உயரப் போவதுதான் வேலை என்று தோன்றும். 100 கி.மீ. உயரத்தைத் தொட, காற்றின் தடையை ஒதுக்கிவைத்தால், கிளம்பும்போது விநாடிக்கு 1.4 கி.மீ. வேகம் போதும். ஆனால் அங்கேயே நின்று சுற்ற வேண்டுமென்றால் பக்கவாட்டில் விநாடிக்கு 7.8 கி.மீ. வேகம் வேண்டும். கீழே விழுந்துகொண்டே பூமியைத் தவறவிடும் வேகம் அது. ஹைதராபாத் ஸ்கைரூட் நிறுவனத்தின் விக்ரம்-எஸ் 2022 நவம்பர் 18 அன்று 90 கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவான உயரத்தைத் தொட்டுவிட்டுக் கடலில் விழுந்தது. அது நல்ல சாதனைதான். ஆனால் சுற்றுப்பாதைக்குப் போகும் ராக்கெட் அதைவிடப் பலமடங்கு பெரிதாக இருப்பதன் காரணம் இந்த வேக வித்தியாசம்.

ஈர்ப்பு இழுப்பு, காற்றின் உராய்வு இரண்டுக்கும் கொடுக்கும் வரியையும் சேர்த்தால், தாழ்வான சுற்றுப்பாதைக்கு மொத்தம் 9.4 கி.மீ./வி. அளவுக்கு வேக மாற்றம் வேண்டும். இந்த வேக மாற்றத்துக்குத்தான் டெல்டா-வி என்று பெயர். விண்வெளிப் பயணத்தில் தூரத்தைக் கிலோமீட்டரில் யோசிக்காதீர்கள், டெல்டா-வியில் யோசியுங்கள். கம்பெனிக்குள் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள்.

இந்தக் கணக்கு ஊரின் தலையெழுத்தைக்கூட மாற்றும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் கிழக்கே ஏவினால், பூமியின் சுழற்சியே விநாடிக்குச் சுமார் 450 மீட்டரை இலவசமாகக் கொடுத்துவிடும். துருவங்களுக்கு மேல் சுற்றும் பாதைக்குத் தெற்கே ஏவினாலோ வழியில் இலங்கை. அதன் தலைக்கு மேல் பறக்கக் கூடாது என்பதால் இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் கடலுக்கு மேல் சுற்றிக்கொண்டு திரும்புகிறது. அந்தத் திருப்பம் எடையைத் தின்னும். பெரிய ராக்கெட் அதைத் தாங்கிக்கொள்ளும், எஸ்.எஸ்.எல்.வி. மாதிரிச் சின்ன ராக்கெட்டுக்குக் கட்டுப்படியாகாது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று புது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியது அதற்காகத்தான். அங்கிருந்து தெற்கே வெறும் கடல்.

ஒரே ஒரு சமன்பாடு

ரஷ்யப் பள்ளி ஆசிரியர் கான்ஸ்டன்டின் சியோல்கோவ்ஸ்கி 1903-இல் வெளியிட்டது. இதை மட்டும் மனப்பாடம் செய்துவிடுங்கள்:

டெல்டா-வி = வெளியேறும் வேகம் × இயல் மடக்கை (தொடக்க எடை ÷ கடைசி எடை)

போனைப் படுக்க வைத்தால் கால்குலேட்டரில் எல்என் என்று ஒரு பொத்தான் வரும். அதுதான் இயல் மடக்கை.

கூட்டங்களில் வெளியேறும் வேகத்தை அப்படியே சொல்ல மாட்டார்கள். அதை 9.81-ஆல் வகுத்து, வரும் எண்ணை விநாடி என்று சொல்வார்கள். ஸ்பெசிஃபிக் இம்பல்ஸ், சுருக்கமாக ஐஎஸ்பி. திட எரிபொருள் என்றால் 270 விநாடியை ஒட்டி இருக்கும், விகாஸ் வெற்றிடத்தில் 290 சொச்சம், கடுங்குளிர்த் திரவ ஹைட்ரஜனில் ஓடும் கிரையோஜெனிக் எஞ்சின் 440-க்கு மேல். யாராவது ஐஎஸ்பி 300 என்றால் மனசுக்குள் பத்தால் பெருக்குங்கள்: விநாடிக்குச் சுமார் 3 கி.மீ. வெளியேறும் வேகம்.

சமன்பாட்டின் கொடுமை அந்த மடக்கையில் இருக்கிறது. நெடும்பயணத்துக்குக் கட்டுச்சோறு தூக்கிப் போகிறவனுக்கு, அந்த மூட்டையைச் சுமக்கும் தெம்புக்கே இன்னொரு மூட்டை வேண்டியிருக்கும். ராக்கெட்டின் நிலைமையும் அதேதான். ஒரே அடுக்கு ராக்கெட்டில் 9.4 கி.மீ./வி. வேண்டுமென்று கணக்குப் போடுங்கள். மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் (வெளியேறும் வேகம் 3.3 என்று வைப்போம்): தொடக்க எடை, கடைசி எடையைப் போல 17 மடங்கு இருக்க வேண்டும். அதாவது எடையில் 94 சதவீதம் எரிபொருள், மிச்சம் 6 சதவீதத்துக்குள் டேங்க், எஞ்சின், கம்பி, கணினி, அப்புறம் செயற்கைக்கோள். திட எரிபொருளில் 97 சதவீதம் ஆகிவிடும். ஹைட்ரஜன் என்றால் 88. இந்த மூன்று எண்களையும் நீங்களே போட்டுப் பார்த்துவிட்டு அடுத்த பத்திக்கு வாருங்கள். சும்மா வாசித்துவிட்டுப் போனால் நிற்காது.

அடுத்து ஓர் உண்மையான விண்கலம். செவ்வாய்க்குப் போன இஸ்ரோவின் மங்கள்யான் கிளம்பும்போது 1,337 கிலோ. அதில் 852 கிலோ எரிபொருளும் அதை எரியவைக்கும் ஆக்சிஜனேற்றியும். ஆக, காலிக் கலம் 485 கிலோ. 1,337-ஐ 485-ஆல் வகுத்தால் 2.76, அதன் மடக்கை 1.01. வெளியேறும் வேகம் விநாடிக்கு 3 கி.மீ. என்று வைத்தால் மொத்தக் கையிருப்பு 3 கி.மீ./வி. சரி, செலவு என்ன? 2013 நவம்பர் 5 அன்று பி.எஸ்.எல்.வி. அதை ஒரு நீள்வட்டப் பாதையில் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டது. அங்கிருந்து கலம் தன் சொந்த எஞ்சினால் பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தியது. டிசம்பர் 1 அதிகாலை பூமியை விட்டுக் கிளம்ப 648 மீ/வி. செவ்வாயில் 2014 செப்டம்பர் 24 அன்று வேகத்தைக் குறைக்க 1,099 மீ/வி. பாதை உயர்த்தியதையும் சேர்த்தால் 2.6 கி.மீ./வி. பக்கம் வரும். கையிருப்பில் கொஞ்சம்தான் மிச்சம். அந்த மிச்சத்தை வைத்துத்தான் எட்டு வருஷத்துக்கும் அருகில் ஓட்டினார்கள்.

எடுத்த எடுப்பில் செவ்வாய்க்குத் தூக்கிவிடும் வலு பி.எஸ்.எல்.வி.க்கு இல்லை. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஒரு மாசம் பூமியைச் சுற்றிச் சுற்றி வேகம் சேர்த்தார்கள். ஒவ்வொரு முறையும் பூமிக்கு மிக அருகே வரும்போது எரித்தால் அதே எரிபொருளுக்கு அதிக ஆற்றல் கிடைக்கும். கஞ்சத்தனமாகத் தெரியும், அருமையான கஞ்சத்தனம்.

அடுக்குகள்

காலியான டேங்கைச் சுமப்பது தண்டம். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, மிச்ச எடையைப் புதுத் தொடக்கமாக வைத்துச் சமன்பாட்டை மறுபடி போடலாம். அடுக்கு ராக்கெட்டின் தத்துவம் இவ்வளவுதான்.

எல்.வி.எம்-3 ராக்கெட்டின் எடை 640 டன். சந்திரயான்-3 கிட்டத்தட்ட 3.9 டன். மொத்தத்தில் 0.6 சதவீதம்! பக்கத்தில் இரண்டு பெரிய திட எரிபொருள் உருளைகள், ஒவ்வொன்றிலும் 200 டன்னுக்கு மேல் எரிபொருள். நடுவில் இரண்டு விகாஸ் எஞ்சின்களோடு திரவ அடுக்கு. உச்சியில் கிரையோஜெனிக். கிளம்பும்போது நடு அடுக்கு எரியவே எரியாது; பக்கத்து உருளைகள் மட்டும்தான் மொத்தத்தையும் தூக்கும். விகாஸ் எஞ்சின்கள் வானத்தில்தான் பற்றும். அடுத்த ஏவுதலின் நேரலையில் கவனியுங்கள்.

எந்த எரிபொருள், ஏன்?

புதுசாகச் சேர்ந்த தம்பி ஒருவன் கேட்டான்: “அண்ணா, ஹைட்ரஜன்தான் பெஸ்ட்டுன்னா, கீழேயிருந்து மேல வரைக்கும் அதையே போட்டுட வேண்டியதுதானே?”

“ஒரு டன் ஹைட்ரஜனுக்கு எவ்வளவு பெரிய டேங்க் வேணும்னு கணக்குப் போட்டுட்டு வாடா” என்றேன்.

திரவ ஹைட்ரஜன் ஒரு கனமீட்டருக்கு 71 கிலோதான். தண்ணீர் 1,000 கிலோ. ஒரு டன் ஹைட்ரஜனுக்கு 14 கனமீட்டர் டேங்க் வேண்டும், அதுவும் மைனஸ் 253 டிகிரியில். கூடவே வரும் திரவ ஆக்சிஜன் மைனஸ் 183. தரையில் முதல் இரண்டு நிமிடத்துக்கு வேண்டியது முரட்டு விசை. அங்கே இவ்வளவு பெரிய டேங்க் சுமையாகிவிடும். அதனால் கீழே திட எரிபொருள் அல்லது அடர்த்தியான திரவம், மேலே ஹைட்ரஜன். மேல் அடுக்கில் சேமிக்கும் ஒவ்வொரு கிலோவும் நேரே செயற்கைக்கோளுக்குப் போகிறது என்பதால் அங்கே இந்தச் செலவும் தலைவலியும் தகும்.

தலைவலி என்று சும்மா சொல்லவில்லை. 2010 ஏப்ரல் 15 அன்று ஜி.எஸ்.எல்.வி. டி-3 பறந்தபோது, இந்தியாவின் முதல் கிரையோஜெனிக் அடுக்கில் ஹைட்ரஜன் பக்கத்து பூஸ்டர் பம்ப் நின்றுபோய் ராக்கெட் கைவிட்டுப் போனது. 2014 ஜனவரி 5-இல்தான் முதல் வெற்றி. 2021 ஆகஸ்ட் 12-இல் மறுபடி ஒரு தோல்வி: ஒரு வால்வு கசிந்து ஹைட்ரஜன் டேங்கின் அழுத்தம் இறங்கிவிட்டது, எஞ்சின் பற்றவே இல்லை. எஞ்சினின் அழகில் மயங்கும் புதியவர்கள் வால்வுப் பட்டியலையும் ஒருமுறை படிக்க வேண்டும் என்பேன்.

திட எரிபொருள் எளிது, மலிவு, வருஷக்கணக்கில் கிடக்கும். பற்றவைத்தால் நிறுத்த முடியாது. விகாஸில் எரியும் ஜோடி ஒன்றையொன்று தொட்டாலே தீப்பிடிக்கும், பற்றவைக்கும் கருவியே வேண்டாம். ஆனால் கொடிய விஷம்.

இப்போது எஞ்சின்

சேம்பரில் எரிந்த வாயு அதிக அழுத்தத்தில் இருக்கும். அது குறுகிய கழுத்து வழியாக வரும்போது ஒலியின் வேகத்தைத் தொடும். கழுத்தைத் தாண்டி நாசில் விரியும். சாதாரணக் குழாயில் விரிந்த இடத்தில் வேகம் குறையும். ஒலி வேகத்தைத் தாண்டிய வாயுவோ விரிய விரிய வேகம் கூடும். நாசிலின் மணி வடிவத்துக்கு இதுதான் காரணம். தரையில் வெளிக்காற்று அழுத்துவதால் சின்ன மணி, வெற்றிடத்தில் பெரிய மணி.

சேம்பர் அழுத்தம் முக்கியம் என்பதற்குப் பெங்களூரிலேயே பழைய சாட்சி உண்டு. கே.ஆர். மார்க்கெட் பக்கம் தாரமண்டல்பேட்டை என்று ஓர் இடம். திப்பு காலத்தில் ராக்கெட் செய்தவர்கள் இருந்த பேட்டை என்று சொல்வார்கள். மைசூர் ராக்கெட்டின் தனித்தன்மை வெடிமருந்தில் இல்லை, இரும்புக் குழாயில். அட்டை, மூங்கில் குழாய் தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கியது, அதனால் தூரம் கூடியது. 1780-இல் காஞ்சிபுரம் பக்கத்துப் பொள்ளிலூரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதை அனுபவித்தது. 2018-இல் ஷிவமொக்கா மாவட்டத்தில் ஒரு பழங்கிணற்றைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேல் அந்த இரும்பு ராக்கெட்டுகள் கிடைத்தன.

மேலே போன பிறகு

விண்கலத்தின் எஞ்சின் வேறு ஜாதி. மங்கள்யானின் பிரதான எஞ்சின் 440 நியூட்டன். தரையில் ஒரு 45 கிலோ மூட்டையைத் தூக்கும், அவ்வளவுதான். மேலே அவசரம் இல்லை. செவ்வாயில் அது 24 நிமிடம் எரிந்தது. பம்பும் இல்லை, ஹீலியம் அழுத்தித் திரவத்தைத் தள்ளும். எடையற்ற நிலையில் திரவம் டேங்கின் அடியில் நிற்காது என்பதால், அதை வாய்க்குக் கொண்டுவர உள்ளே தனி ஏற்பாடு வேண்டும். பத்து மாசம் தூங்கிய எஞ்சின் பற்றுமா என்று பார்க்க, செவ்வாயை நெருங்கும்போது 2014 செப்டம்பர் 22 அன்று சுமார் 4 விநாடி எரித்துச் சோதித்தார்கள்.

இன்னொரு வழி மின்சாரம். செனான் வாயுவை மின்னேற்றி, மின்புலத்தால் விநாடிக்கு 15 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் வீசலாம். ஐஎஸ்பி 1,500-ஐத் தாண்டும். விசை மட்டும் ஒரு தாளின் எடை அளவு, தரையிலிருந்து எதையும் தூக்க உதவாது. மேலே மாசக்கணக்கில் விடாமல் தள்ளினால் எரிபொருள் மிச்சம் அபாரம். நாசாவின் டான் கலம் இப்படியே தன் வேகத்தை 11 கி.மீ./வி.க்கும் மேல் மாற்றி வெஸ்டா, சீரஸ் இரண்டையும் சுற்றியது. இஸ்ரோ 2017 மே 5-இல் ஏவிய ஜிசாட்-9-இல் இது வந்தது. பெங்களூரின் பெல்லாட்ரிக்ஸ் நிறுவனமும் இதே வகை எஞ்சின் செய்கிறது.

கையால் செய்து பாருங்கள்

வீட்டில் வெடிமருந்து கலக்காதீர்கள். சர்க்கரை ராக்கெட் வீடியோ எத்தனை வந்தாலும் சரி. விரலும் போகும், வெடிபொருள் சட்டத்தில் வழக்கும் வரும். தண்ணீர் ராக்கெட் போதும்.

2 லிட்டர் கூல்டிரிங்க் பாட்டில் ஒன்று. மினரல் வாட்டர் பாட்டில் கூடாது, அது அழுத்தம் தாங்காது. இறுக்கமான கார்க்கில் சைக்கிள் டியூப் வால்வைப் பொருத்துங்கள். அழுத்தமானி உள்ள பம்ப், 4 பார் அழுத்தத்துக்கு மேல் வேண்டாம். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பாட்டிலைத் தரையில் பிடித்து வைக்கும் பிடியை விடுவிக்கும் கயிற்றை நாலைந்து மீட்டர் தள்ளி நின்று இழுங்கள். அனுமதி வாங்கிப் பள்ளி மைதானத்தில் செய்யுங்கள். அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் செய்தால் செக்யூரிட்டி அண்ணா வந்துவிடுவார், அப்புறம் அசோசியேஷன் வாட்ஸ்அப்பில் உங்கள் பெயர் ஓடும்.

4 பாரில் தண்ணீர் முதலில் வெளியேறும் வேகம் விநாடிக்கு 28 மீட்டர். பாட்டில் 100 கிராம், தண்ணீர் 600 கிராம் என்றால் எடை விகிதம் 7, மடக்கை 1.95. காற்று விரிய விரிய அழுத்தம் இறங்குவதால் சராசரி வேகத்தை 20 என்று வைத்துப் பெருக்கினால் 39 மீ/வி. காற்றின் தடையால் நிஜத்தில் இன்னும் குறையும். பிறகு தண்ணீரே இல்லாமல், மூன்றில் ஒரு பங்கு, முக்கால் பங்கு என்று மாற்றி மாற்றி விடுங்கள். தண்ணீர் கூடினால் எடை விகிதம் நல்லது, ஆனால் தள்ளும் காற்றுக்கு இடம் குறையும், அழுத்தம் சட்டென்று இறங்கும். நடுவில் ஓரிடத்தில் உச்சம் வரும். பெரிய ராக்கெட் வடிவமைப்பாளர் நாள் முழுக்கப் பார்க்கும் வேலை இதுவேதான், எண்கள்தான் பெரிது.

கணினி பிடித்தவர்கள் ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருளில் விளையாடலாம். விரிவுரை வேண்டுமென்றால் என்பிடெல் தளத்தில் ஐ.ஐ.டி. மெட்ராஸின் ராக்கெட் உந்துவிசைப் பாடம் இருக்கிறது. மேலே உள்ள கணக்குகளைப் போட்ட பிறகு தொடங்குங்கள்.

நேரில் ஓர் ஏவுதல் பார்க்க ஸ்ரீஹரிகோட்டாவில் பார்வையாளர் கேலரி உண்டு. சில நாள் முன்னால் ஆன்லைனில் பதிவு திறக்கும், சீக்கிரம் நிரம்பிவிடும். பெங்களூரிலிருந்து சென்னை வந்து, கூடூர் பாதை ரயிலில் சூலூர்பேட்டையில் இறங்க வேண்டும். அடையாள அட்டை கட்டாயம். எல்.வி.எம்-3 என்றால் கடிகாரத்தைப் பாருங்கள்: சந்திரயான்-3 போனபோது 108-ஆவது விநாடியில் விகாஸ் எஞ்சின்கள் பற்றின, 127-இல் பக்கத்து உருளைகள் கழன்றன. ஏவுதல் தள்ளிப்போவது சகஜம், அதனால் திரும்பும் டிக்கெட்டை அன்றைக்கே போட்டுவிடாதீர்கள்.